டவ்டன் பனியில் பதினாறு எண்ணிக்கை

டவ்டன் போர் நடந்து ஐந்நூறு வருடம் ஆனதற்காக எங்கள் ஊர் இசைக்குழு ஓர் அணிவகுப்பு இசையை வாசிக்க ஏற்பாடானது. பனி கொட்டிய ஒரு குருத்தோலை ஞாயிறன்று, இதே யார்க்‌ஷயர் மண்ணில் இங்கிலீஷ்காரனை இங்கிலீஷ்காரனே வெட்டிச் சாய்த்த கதை. முரசும் ட்ரம்பெட்டும் முழங்கி வந்து சட்டென்று நிற்கும். அப்புறம் பதினாறு எண்ணிக்கை மௌனம். செத்தவர்கள்மேல் பனி விழுகிறதாம். அது முடிந்ததும் நானும் பக்கத்து நாற்காலிக்காரனும் ஊதும் இரண்டு ட்ரோம்போன் குழல்கள் மட்டும் மெல்ல எழ வேண்டும்.

ஒத்திகையில் இரண்டு தடவை அந்த மௌனத்துக்குள் ஹெர்பர்ட் சக்டன் ஊதிவிட்டான். முப்பது வருடமாக என் பக்கத்து நாற்காலிக்காரன். கொஞ்ச நாளாக அவனுக்கு எல்லாமே மறந்துகொண்டு வந்தது. குழுவை நடத்தும் க்ரேவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கச்சேரியிலயும் இப்படின்னா அவரைக் குழுவுலேர்ந்து எடுத்துடுவேன், நார்மன். இப்பவே சொல்லிட்டேன்."

ஹெர்பர்ட்டை வீட்டில் விட்டுக் கிளம்பும்போது அவன் மனைவி ஈனிட் வாசல்வரை வந்து சொன்னாள். "செவ்வாய்க்கிழமை, ஒத்திகை நாள்ல மட்டும்தான் அவரா எழுந்து ஷேவ் பண்ணிக்கிறார். மத்த நாள் என் பேரே ஞாபகம் வரல. இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான், நார்மன்."

நான் அவனிடம் கறாராகப் பேசினேன். "என் ஷூ உன் ஷூமேல இருக்கும். எடுத்தா ஊது. அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது."

"முப்பது வருஷமா உனக்கு எண்ணிக் குடுத்ததே நான்தானடா," என்றான். அது பொய்யில்லை. எனக்கு எப்போதுமே எண்ண வராது.

ஞாயிறு மதியம் டவுன் ஹாலில் உட்கார இடமில்லை. மௌனம் வந்தது. வாரமெல்லாம் வீட்டில் பழகியபடி நான்கு நான்காக எண்ணினேன். ஒன்று இரண்டு மூன்று நான்கு. இரண்டாம் சுற்று, இரண்டு இரண்டு மூன்று நான்கு. ஹெர்பர்ட் ட்ரோம்போனைத் தூக்கினான். மிதித்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காலை உருவிக்கொண்டான், படுபாவி. மூச்சை இழுத்தான். நானும் இழுத்தேன். அவனுக்கு ஒரு கணம் முந்தி, அவனைவிட உரக்க ஊதினேன்.

"தப்பு என்னோடது," என்றேன் கச்சேரி முடிந்ததும் க்ரேவனிடம். "அவன் என்னை நம்பித்தான் ஊதினான்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே நீங்க வர வேண்டாம், நார்மன்."

பின்னறையில் ஹெர்பர்ட் தேநீர்க் கோப்பையோடு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். "அவனைத் திட்டாதீங்கப்பா. வயசாச்சு, எண்ணிக்கை தப்புது." ஈனிட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் என் தோளைத் தட்டினான். "கவலைப்படாதடா. செவ்வாய்க்கிழமை வா. பக்கத்துல நான் இருக்கேன்ல, உன் காலை மிதிச்சுக்கிட்டே இருக்கேன்."

செவ்வாய்க்கிழமை அவன் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். அவன் காலை மிதிக்க ஆளிருக்காது. ஊதும்போது நான் அதை யோசிக்கவே இல்லை.