பால் காய்ச்சும் வரைக்கும்

திருஷ்டி பொம்மையைக் கழற்றிய அன்றைக்கே நாயையும் கழற்றிவிட்டார்கள். பொம்மைக்காவது ஒரு கற்பூரம் காட்டினார்கள். நாய்க்கு அதுவும் இல்லை.

நாய் என்னுடையது. அதாவது, என்னுடையதாக இருந்தது. எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருச் சாக்கடையில் கிடந்தது. கழுத்தில் கட்டுக்கம்பி இறுகிச் சதைக்குள் போயிருந்தது. எந்தப் புண்ணியவானோ சுருக்குப் போட்டு விளையாடியிருக்கிறான். குறடு வைத்துக் கம்பியை வெட்டினேன். நன்றியுள்ள பிராணி என்பார்களே, என் கையைக் கடித்து வைத்தது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு, வயிறு வீங்கி, கம்பெனிக்கு லீவு சொல்லிப் படுத்துக்கிடந்தேன். அப்போதும் அதை விரட்ட மனசு வரவில்லை. தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளை என்பதால் மோசே என்று பேர் வைத்தேன். எங்கள் வேதத்தில் மோசேயையும் ஆற்றிலிருந்துதான் எடுத்தார்கள்.

நான் குடியிருந்தது அஞ்சம்மாள் வீட்டுப் பின்போர்ஷனில். கல்யாணம் ஆகாமல் தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு விட்டதே பெரிய தருமம் என்று நினைக்கிற அம்மாள் அவர்.

"புண்ணு ஆறுற வரைக்கும் வெச்சுக்க மேரி. அப்புறம் நீ இரு, இல்ல நாய் இருக்கட்டும். ரெண்டு பேரும் ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

புண் ஆறியது. பயம்தான் ஆறவில்லை. கழுத்துப் பக்கம் கை போனாலே பல்லைக் காட்டுவான். கழுத்தில் பெல்ட் இல்லாத நாயைக் கண்டால் நாய் வண்டிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். போன நாய் திரும்பாது. பெல்ட் போடவிடாத நாயை யார் எடுத்து வளர்ப்பார்கள்? நான் வேலை பார்த்தது எக்ஸ்போர்ட் தையல் கம்பெனியில். அங்கே வெட்டி எறிகிற துணிப்பட்டையைக் கொண்டுவந்து முதலில் அவன் முதுகில் போட்டு வைத்தேன். சோறு ஊட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்துக்கு ஏற்றினேன். துணிப்பட்டை, அப்புறம் நாடா, கடைசியில் குரோம்பேட்டையில் வாங்கிய தோல் பெல்ட். அதை மாட்டிய அன்றைக்கு என் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நம்பிவிட்டான் கழுதை.

சம்பந்தம் சார் எங்கள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மாடம்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் கம்பி காணவில்லை என்பார், மறுநாள் சென்ட்ரிங் பலகை காணவில்லை என்பார். காவலுக்கு ஒரு நாய் கிடைத்தால் தேவலை என்று கேன்டீனில் அவர் புலம்பியபோது நான் நேராகவே கேட்டேன்.

"காவலுக்கு மட்டும்னா வேணாம் சார். வீட்டுல ஒருத்தனா வெச்சுக்கணும். கழுத்துல எப்பவும் பெல்ட் இருக்கணும். முடியுமா?"

"என்ன மேரி இப்படிக் கேக்குறே! எனக்கு ரெண்டும் பொண்ணு. இவன்தான் எனக்குப் பிள்ளை. குடி போனதும் போர்ட்டிகோவுல அவனுக்குன்னு ஒரு இடம், மேஸ்திரிகிட்ட இப்பவே சொல்லிடறேன்."

அவர் மனைவி தையல்நாயகி அக்காவும் வந்து பார்த்தார். மோசேயின் தலையைத் தடவிக்கொடுத்தார். பேர்தான் அவருக்கு ஒட்டவில்லை.

"தப்பா எடுத்துக்காதே மேரி. விளக்கு வெக்கிற நேரத்துல வாசல்ல நின்னுகிட்டு மோசே மோசேன்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? டைகர்னு வெச்சுக்கறோமே."

பேரில் என்ன இருக்கிறது, சோறு போட்டால் சரி என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் மாடம்பாக்கத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். மணல் குவியலின் உச்சியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். மேலே சாரத்தில் வைக்கோல் திணித்த திருஷ்டி பொம்மை, கீழே இவன். சித்தாள் வேலை செய்த கங்கம்மா அங்கேயே கீற்றுக்கொட்டகையில் தங்கியிருந்தாள்.

"உன் புள்ள ஜோரா கீறான்க்கா. ஒரு ஈ காக்கா உள்ள வர வுடமாட்றான். முந்தாநாளு பலகை தூக்க வந்தவன் கல்லால அட்ச்சிட்டான். காது கீஞ்சிகினு ரத்தம் ஊத்துது, அப்பவும் அவன வுடலியே இவன்!"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு ஆணிகூடக் களவு போகவில்லை. சம்பந்தம் சார் கம்பெனி முழுக்க அந்தக் காதுக் கதையைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார். எனக்கும் பெருமைதான். நல்ல இடத்தில் கொடுத்துவிட்டேன் என்று ஜெபத்தில் நன்றி சொன்னேன்.

அடுத்த வருஷத்து மழையும் முடிந்து, தை மாதம் கிரகப்பிரவேசம். எவர்சில்வர் தவலை ஒன்றை வாங்கிக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டேன். பசுமாட்டுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, வராமல் முரண்டு பிடித்ததைக் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். புது மொசைக் தரையில் அது சாணி போட்டதும் ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பால் பொங்கியது. மோசேயைத்தான் காணவில்லை.

"இங்கதான் எங்கயாவது இருக்கும் மேரி" என்றார் தையல்நாயகி அக்கா. "ஐயர், நாய் குறுக்க வரக் கூடாதுன்னுட்டாரு. புது வீட்டுல தோலும் ஆகாதாம், பெல்ட்டையும் கழட்டிட்டோம். நாளைக்கு மாட்டிக்கலாம். நீ முதல்ல சாப்பிடு."

வாசலில் தவில் முழங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் பிளாஸ்டிக்கிலா போர்த்தியிருக்கிறார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விழுங்கிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. குடி வந்துவிட்ட வீட்டுக்கு ஞாயிறுதோறும் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது, கம்பெனியில்தான் விசாரிப்பேன். பெல்ட் மாட்டியாச்சா சார் என்று கேட்டால், "வீடு ஒதுங்க வெக்கிறதுல எங்கயோ வெச்சிட்டா மேரி, தேடச் சொல்றேன்" என்பார். அப்புறம் என்னைக் கண்டால் வேறு பக்கம் போக ஆரம்பித்தார். ஒரு சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட்டில் கங்கம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாக்கா இப்டி வுட்டுட்டே? அவன வூட்டாண்ட சேக்க மாட்றாங்கோ. தரை அயுக்காவுதாம். எதிர் மனையில படுத்துகினு கீறான். நாய் வண்டி வேற சேலையூர் வரிக்கும் வந்துகினு கீது. கய்த்துல பெல்ட்டு இல்ல. பேஜாரா கீதுக்கா."

பசுமாட்டுச் சாணிக்கு அழுக்காகாத தரை என் பிள்ளையின் காலுக்கு அழுக்காகிவிட்டதா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே ஒரு பெல்ட்டும் பன்னும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அஞ்சம்மாள் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் சொல்லட்டும், அவனில்லாமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

எதிர் மனையில் முள்செடிகளுக்கு நடுவே, அந்த வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். விலா எலும்பு தெரிந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து மேலே விழுந்து முகமெல்லாம் நக்கினான். பன்னை ஒரே வாயில் விழுங்கினான். கழுத்தில் கம்பி அறுத்த தழும்பு முடியில்லாமல் பளிச்சென்று தெரிந்தது. நான் பெல்ட்டை எடுத்ததும் பல்லைக் காட்டவில்லை. அவனாகவே கழுத்தை நீட்டினான்.

"வாடா மோசே, நம்ம வீட்டுக்குப் போலாம்."

தெருமுனை விளக்குக் கம்பம் வரைக்கும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். அங்கே நின்றுவிட்டான். இருட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு வேலை நேரம். பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன், கெஞ்சினேன், முதுகில் ஒன்று வைத்தேன். முனகினான். பிடியை உதறிக்கொண்டு திரும்பி ஓடி, பழைய இடத்திலேயே வீட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். மோசே என்று பேர் வைத்ததே பிசகு. அந்த மோசேயும் ஜனங்களையெல்லாம் நடத்திக்கொண்டு போய், ஆண்டவர் தருவதாகச் சொன்ன கானான் தேசத்தை மலை மேலிருந்து கண்ணால் பார்த்ததோடு சரி, கால் வைக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. காதைக் கிழித்துக்கொண்டு காவல் காத்தவனை வாசலில்கூட வைக்கத் தோன்றவில்லையா என்று அந்த மனிதரை முகத்துக்கு நேராகக் கேட்காமல் போவதில்லை என்று தெருவைக் கடந்தேன். புது இரும்பு கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

பின்னாலிருந்து மோசே பாய்ந்து வந்தான். எனக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்று, என்னைப் பார்த்துக் குரைத்தான். வால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் விடாமல் குரைத்தான். நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

உள்ளே விளக்கு எரிந்தது. தையல்நாயகி அக்காவின் குரல் கேட்டது.

"ஏங்க, நம்ம டைகர் கத்துறான். யாரோ வந்திருக்காங்க, பாருங்க."