பெரிய திரையில் விழுந்த கிசுகிசு

தெருவில் அவருக்குக் ‘கர்ட்டன்’ என்றுதான் பெயர். முதல் நாடகத்துக்குத் திரை வேண்டுமென்று, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து வீட்டு ஜன்னல் துணிகளை எல்லாம் கழற்றிக்கொண்டு போனவர். அதன்பின் வாரக்கணக்கில் அந்த வீட்டுக்குள் நடந்ததெல்லாம் எதிர்வீட்டாருக்கு இலவசக் காட்சி.

பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். சாயங்காலம் அகப்பட்டவர்களைப் பிடித்து நடிகராக்குவார். தையல்காரர் ராஜாவானார், பல் டாக்டரம்மா ராணியானார். வசனம் மட்டும் ஒருவர் மண்டையிலும் நிற்காது. அதற்குத்தான் மனைவி இருந்தார். திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே கிசுகிசுப்பார். அவர் வாய் திறந்தால்தான் இவர்கள் வாய் திறக்கும். நாடகக் குழு இத்தனை வருஷம் ஓடியதே அந்த ஸ்டூலின் தயவில்தான்.

அப்படி இருந்தவருக்குச் சினிமா ஆசை வந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதுவானேன் என்று தெருவே சொன்னது. கேட்டால்தானே? “பெரிய திரையில என் பேர் ஒரே ஒரு தடவை வந்துட்டா போதும்” என்று, சொந்த வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுத்தார். நடுவில் சுவர் எழுப்பி வீட்டைப் பிரித்துக்கொள்ளும் அண்ணன் தங்கையின் கதை. அண்ணன் தையல்காரர், தங்கை டாக்டரம்மா. சின்னப் படங்களுக்கான விழா ஒன்றில், கதையைக் கேட்டே மாதக் கடைசியில் திரையிட ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தலைகால் புரியவில்லை அவருக்கு.

அப்போதுதான், படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த மச்சினன் தலையைச் சொறிந்தான்.

“மாமா, கோபப்படக்கூடாது.”

“பீடிகை வேண்டாம், சொல்லுடா.”

“தையல்காரர் பேசறதுக்கு முன்னாடியே ஒரு குரல் பேசுது.”

போட்டுக் கேட்டார். ‘சுவர் எனக்கு, ஜன்னல் உனக்கா?’ என்று ஒரு கிசுகிசு. உடனே அதையே தையல்காரர் கர்ஜிக்கிறார். படம் முழுக்க இதே லட்சணம்.

“மைக்கைப் பிடிச்சவன் நீதானேடா! காதுல என்ன வச்சிருந்தே?”

“அக்கா குரல்தானே மாமா! பொறந்ததுலேருந்து கேக்கறேன். ஃபேன் சத்தம் மாதிரி ஆயிடுச்சு, தனியாத் தெரியலை.”

பக்கத்திலேயே நின்ற இவர் காதுக்கும்தான் தெரியவில்லை. யாரைத் திட்டுவது?

வசனத்தை மறுபடி பேசிச் சேர்க்கலாம் என்று மச்சினன் யோசனை சொன்னான். மைக் முன்னால் நின்ற தையல்காரர் பேந்தப் பேந்த விழித்துவிட்டுக் கேட்டார்: “அண்ணி எங்கே?”

தீர்ந்தது. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார் கர்ட்டன்.

“என்னங்க, இஞ்சி தின்ன குரங்கு மாதிரி மூஞ்சி?”

“உன் குரல் படம் பூரா விழுந்துடுச்சும்மா.”

“விழாம? நான் வாயை மூடியிருந்தா உங்களுது ஊமைப்படம்.”

சொல்லிவிட்டு, துணி மடிக்கிற சாக்கில் சுவரோரம் போய் நின்றார். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை சூடு பிடித்திருந்தது.

“இப்ப பாருங்க, ‘எங்க அம்மாவை இழுக்காதீங்க’ம்பா” என்று முணுமுணுத்தார். அதே வரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அச்சுப் பிசகாமல் வந்தது.

கர்ட்டன் எச்சில் கையோடு எழுந்தார். “அப்படியே நில்லு! டேய் மாப்ளே, கேமராவை எடுத்துட்டு வா!”

“ஐயே, தலைகூட வாரலைங்க!”

“வாராதே!”

விழா அன்று படம் தொடங்கியது. கிசுகிசு, பிறகு கர்ஜனை. அரங்கம் குழம்பியது. அடுத்த காட்சியில், தோளில் பாதி மடித்த சட்டையோடு சுவரில் காதை வைத்தபடி பக்கத்து வீட்டுக்காரியாகக் கர்ட்டனின் மனைவி தோன்றினார். அண்ணன் தங்கை என்ன பேசப்போகிறார்கள் என்று அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்த பெண்மணி! எழுந்த சிரிப்பு அடங்கவே இல்லை. “அப்போ கதாநாயகி நான் இல்லையா?” என்று டாக்டரம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதுவும் இடைவேளை டீ வரைக்கும்தான்.

முதல்முறையாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பழக்கம் போகவில்லை. கடைசியில் கணவர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்: “இப்ப உங்க பேர் வரும்.”

வந்தது. கொட்டை எழுத்தில்.

பக்கத்து வீட்டுத் தம்பதி மட்டும் இப்போதெல்லாம் மெல்லிய குரலில்தான் சண்டை போடுகிறார்கள். தெருவுக்கு அந்த ஒரு நஷ்டம்தான்.