பெக்கோவுக்குப் பூசிய ரப்பர் பால்

பெக்கோவின் கம்பிகளுக்கு ரப்பர் பாலைப் பூசியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் வாயைக் கிளற வேண்டாம்.

எஹலியகொடைக்கு மேலே எங்கள் தோட்டம். ரப்பர் ஸ்டோரில் எனக்கு வேலை. ரோட்டு வேலை பாதியில் நின்றதும், மண் தோண்டும் பெக்கோவை ஸ்டோர் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனார்கள். அதன் கையை ஏற்றி இறக்க உருளைக்குள் போய் வரும் மூன்று கம்பிகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. மெக்கானிக் ஷிராஸ் நானா ஒரு டின் கிரீஸைக் கொடுத்து, "மாசம் ஒருக்கா தொடச்சிப் பூசுங்க தங்கச்சி. துரு புடிச்சா உள்ள எண்ணெய அடச்சி வச்சிருக்கிற ரப்பர் சீல் அறுந்துபோகும்" என்றார். இரண்டே மாதத்தில் டின் காலி. இன்னொன்று கேட்டால் கிளாக்கர் ஐயா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நீங்களும் உங்கள் கிரீஸும் என்று ரப்பர் பாலையே மூன்று தடவை பூசிவிட்டேன். மழைத்தண்ணி ஒரு பொட்டு ஏறாது என்று நாங்கள் குடியிருக்கும் லயமெல்லாம் பெருமையடித்தேன்.

வைகாசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. எல்லோரும் ஓடித் தப்பினோம். என் புருஷன் விஜேந்திரன் மட்டும் கோழிக்கூட்டைத் திறந்துவிடப் போய் மாட்டிக்கொண்டார். இடிந்த சுவர் ஒன்று அவருடைய வலது காலின் மேல் கிடந்தது. பத்துப் பேர் நெம்பியும் அசையவில்லை. மேலே மண் இன்னும் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. ரோடு அறுந்துவிட்டதால் வெளியிலிருந்து எந்த வண்டியும் வர வழியில்லை. இருந்தது அந்தப் பெக்கோ ஒன்றுதான்.

ஷிராஸ் நானா கீழ்க்கடையிலிருந்து பெட்டரியைத் தோளில் சுமந்து நடந்தே வந்தார். எங்கள் லயத்துக் காளிதாஸ் அண்ணன்தான் டிரைவர். இன்ஜின் பிடித்தது. அண்ணன் லீவரில் கை வைத்தார்.

"நிப்பாட்டு! தொடாத!" நானா கத்தினார். "இது என்னது? யாரு இத பூசின?"

"நான்தான் நானா."

"ரப்பரோட கம்பி உள்ள போனா சீல் கிழிஞ்சிரும். எண்ணெய் பூரா பீச்சும். தூக்கின சுவர் திரும்ப அவர் மேலயே விழும். வெளங்குதா?"

விளங்கியது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என் புருஷனையல்லவா சுடப் பார்த்தது!

ரப்பரைச் சுரண்ட அண்ணன் கத்தியை எடுத்தார். நானா அதைத் தட்டிவிட்டார். "கீறல் விழுந்தாலும் சீல் போயிரும்!" கத்தி எதற்கு? ரப்பர் மரத்தில் ஒட்டுப்பாலை நகத்தால் உரித்தே காய்த்துப்போன விரல்கள் எங்களுடையவை. நானும் நாலு பெண்களும் கம்பிகளில் விழுந்து உரித்தோம். நகம் கிழிந்து ரத்தம் வந்தது. நானா பின்னாலேயே எண்ணெய்த் துணியால் துடைத்தார்.

இரண்டு கம்பிகள் சுத்தம். பெரிய கம்பியின் நுனியில்தான் வினை. ரப்பருக்கு அடியில் தண்ணீர் தங்கி, அம்மைத் தழும்பு போலத் துரு தின்றிருந்தது. நானா நகத்தால் தடவினார். நகம் மாட்டியது.

"கை மேல போகப் போக இந்தக் கம்பி உள்ள போகும். இந்தத் தழும்பு உள்ள போனா முடிஞ்சிது."

என் மணிக்கட்டில் இருந்த கோயில் கயிற்றை அறுத்துத் தழும்புக்கு முன்னால் கட்டினேன். "அண்ணே, உங்களுக்கு அங்கேருந்து தெரியாது. இந்தக் கயிறு சீல்கிட்ட வந்ததும் நான் சொல்றேன். கெடுத்தவ நான்தானே."

பெக்கோவை லயத்தடிக்கு ஓட்டி வந்து சுவரில் சங்கிலி மாட்டினார்கள். பெக்கோ முனகியது. சுவர் ஒரு விரல் எழும்பியது, இரண்டு விரல் எழும்பியது. சிவப்புக் கயிறு நகர்ந்து நகர்ந்து சீலுக்கு அருகே வந்தது.

"நிப்பாட்டுங்க!"

"இன்னும் ரெண்டு விரல் போதும், கால் வந்துரும்!" கீழேயிருந்து கத்தினார்கள்.

"தூக்கச் சொல்லுடி!" என்று அவர் அலறினார். "என்னைக் கொல்லாதடி, தூக்கச் சொல்லு!"

பதினேழு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். ஆனாலும் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடியாது! தூக்காதீங்க அண்ணே! டேய் தடிப்பசங்களா, மேல பாக்காம காலுக்கு அடியில தோண்டுங்கடா!"

கையாலும் சட்டியாலும் தோண்டினார்கள். அவர் என்னைத் திட்டாத திட்டில்லை. கடைசியில் கால் உருவிக்கொண்டு வந்தது. நான் கயிற்றை மறந்து அவரிடம் ஓடினேன். சாக்கில் வைத்துத் தூக்கி, பத்தடி தள்ளிக் கிடத்தினோம்.

அதற்குள் சுவரை ஒதுக்கிப் போடலாமென்று காளிதாஸ் அண்ணன் லீவரை இழுத்துவிட்டார். கயிறு சுருண்டது. தழும்பு உள்ளே போயிற்று. எண்ணெய் ஆளுயரத்துக்குப் பீச்சியடித்தது. சுவர் சற்றுமுன் அவர் கிடந்த இடத்திலேயே தொம்மென்று விழுந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். திட்டுவது நின்றுவிட்டது.

"அந்த ரப்பர் பாலைப் பூசினது நான்தாங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"லயத்துக்கே தெரியும்டி" என்றார். சேறும் எண்ணெயும் ரத்தமுமாக இருந்த என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "தூக்கச் சொல்லி நான் கத்தினத மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத."