அறுபத்துநான்காம் பக்கத்து ஒட்டுப்பால்

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு ரப்பர்த் தோட்டப் பாடசாலையில், நூலகப் புத்தகங்களை இனிமேல் பிள்ளைகளுக்கு இரவல் கொடுப்பதில்லை என்று அதிபர் பொன்னுத்துரை அறிவித்தார். நூலகம் என்பது இரண்டு அலுமாரிகளும் ஒரு நீள மேசையுமே. பொறுப்பாசிரியை கிருஷ்ணகுமாரி.

"இது புத்தகமா, ரப்பர் ஷீட்டா, டீச்சர்?" என்று அதிபர் முதலுதவிப் புத்தகத்தை மேசைமேல் போட்டார். ரப்பர் மரத்து ஒட்டுப்பால் காய்ந்து, அதன் தாள்கள் சில ஒன்றோடொன்று பிடித்துக் கிடந்தன. "அடுத்த கிழமை வலயக் கல்வி ஆபீசுல இருந்து பார்வையிட வராங்க. அலுமாரியப் பூட்டிச் சாவியத் தந்துடுங்க. உங்களுக்கும் பாரம் குறையும்."

பாரம் குறையும் என்பது உண்மை. பதினோரு ஆண்டுகளாக உறை போட்டு, மழைக்காலத்தில் பூஞ்சணம் துடைத்து, கிருஷ்ணகுமாரிக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. நூலகப் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கோரும் கடிதம் ஒரு மாதமாகவே அவர் கைப்பையில் இருந்தது. அப்போதே சாவியைக் கொடுத்திருக்கலாம். ஆனால், காரணம் எழுதாமல் எந்தப் புத்தகத்தையும் சேதப் பதிவில் சேர்ப்பது அவருக்கு வழக்கமில்லை.

பிளேடால் தாள்களை மெதுவாகப் பிரித்தார். பால் பட்டிருந்தது இரண்டே இடங்களில்: கடைசியிலுள்ள பொருட்சுட்டியிலும், அறுபத்துநான்காம் பக்கத்திலும். இடையிலுள்ள தாள்கள் சுத்தமாக இருந்தன.

கிருஷ்ணகுமாரி உட்கார்ந்துவிட்டார். "முதலில் சுட்டியைப் பார். அங்கே ஒரு விரலை வை. பிறகு பக்கத்தைத் திருப்பு" என்று ஏழாம் வகுப்புக்கு வாராவாரம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தார். அறுபத்துநான்காம் பக்கத்தின் தலைப்பு, கண்ணில் இரசாயனம் பட்டால் செய்ய வேண்டியவை. பால் பட்ட கையொன்று சுட்டியைப் பார்த்து, நேரே அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தது.

கடைசியாக அதை இரவல் வாங்கிய ஏழாம் வகுப்புத் தனுஷிகாவை அழைத்தார்.

"பால் வெட்டும் மலைக்குப் புத்தகம் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. கொண்டுபோனாயா?"

"ஆமாங்க டீச்சர். சனிக்கிழமை அம்மாகூடப் போனேன். புத்தகம் பையிலயே இருந்திச்சு. பால் சேக்கிறப்ப வாளி சாஞ்சு அம்மா கண்ணுல அடிச்சிருச்சு. அமோனியா கலந்த பாலுங்க. அம்மாகூடப் பால் வெட்டுற கருப்பாயி அக்கா தாய்ப்பால் ஊத்தணும்னாங்க. நான் புத்தகத்தைப் பாத்தேன். தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்கணும்னு போட்டிருந்திச்சு."

"புத்தகம் சொன்னால் போதுமா?"

"இல்லீங்க. அப்புறம் தோட்டத்து மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயாகிட்டயும் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னாரு. ரெண்டு இடத்துல பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"கருப்பாயி என்ன சொன்னாள்?"

"'டாக்டரம்மா வந்துட்டா, வழிவிடுங்கடி'ன்னாங்க. ஆனா ஊத்துப் பீலியில ஓடி ஓடித் தண்ணி புடிச்சதும் அவங்கதான்."

"அம்மாவின் கண்?"

"செவந்திருக்கு. பார்வைக்கு ஒண்ணுமில்லீங்க."

"கையைக் கழுவிவிட்டுத் தொட்டிருக்கலாமே?"

"நேரமில்லீங்க டீச்சர்."

கிருஷ்ணகுமாரி எழுந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போனார். இரண்டு கறைகளையும் காட்டி, நடந்ததைச் சொன்னார்.

அதிபர் அந்தப் பக்கத்தை முழுதும் வாசித்தார். "வலயத்துக்காரங்க இதப் பாத்தா என்ன சொல்றது?"

"இதைத்தான் முதலில் காட்டுவேன், சேர். அலுமாரியில் புதிதாக மின்னுவதெல்லாம் ஒருவரும் தொடாதவை."

"அப்ப பொறுப்பும் நீங்கதான். பிறகு முதுகு வலின்னு வரக் கூடாது."

"வலிக்கத்தான் செய்யும்" என்றார் கிருஷ்ணகுமாரி.

அன்று பிற்பகல் முடிவானவை இவை. இரவல் நிறுத்தப்படாது. அலுமாரிச் சாவி கிருஷ்ணகுமாரியிடமே இருக்கும். நூலக வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைக்கப்படும். விதியை மீறியதால் தனுஷிகாவுக்கு இரண்டு கிழமைக்கு இரவல் இல்லை. அந்த நாட்களில் அவள் அறுபத்துநான்காம் பக்கத்தைப் பார்த்தெழுதி, தொழிலாளர் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். சேதப் பதிவில் காரணம் என்ற இடத்தில் 'பயன்படுத்தப்பட்டது' என்று எழுதப்பட்டது. கைப்பையிலிருந்த கடிதம் கொடுக்கப்படவில்லை.