நல்ல அவசரம்

மேடையில் இருந்தவர் மைக்கை இந்துவிடம் கொடுக்கச் சொன்ன அதே நேரத்தில்தான், கீழ்த்தளத்தில் அவள் அம்மா அழகுத்தாய் பிளாஸ்டிக் பைலின் பட்டனைத் திறந்துகொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாடிப்படி. அவ்வளவுதான்.

மூணாறில் ஒரு கல்யாண மண்டபம். காலேஜ் மேளா. பெங்களூர், மங்களூர், கோயம்புத்தூர் என்று ஊர் ஊராக மேசை போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டுப்பட்டிக்கு மேலே உள்ள எஸ்டேட்டிலிருந்து அம்மாவும் மகளும் காலை ஜீப்பிலேயே இறங்கியிருந்தார்கள். ப்ளஸ் டூவில் இந்துவுக்கு நல்ல மார்க். பொள்ளாச்சி தாண்டி இருக்கும் சித்தூர் கவர்மெண்ட் காலேஜில் ஜியாக்ரபி கேட்டு விண்ணப்பித்துவிட்டு அலாட்மெண்டுக்காகக் காத்திருந்தாள். மழைக்கு மழை சரிகிற மலையில் பிறந்தவளுக்கு, அது ஏன் சரிகிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. மேளாவுக்குப் போகச் சொன்னவர் பள்ளிக்கூடத்து சூசையப்பன் சார். "வேடிக்கை பாத்துட்டு வந்துராத புள்ள. எல்லா மேசையிலயும் நின்னு பேசு. மாடியில கூட்டம் நடக்கும், முன்னாடி உக்காந்து கேள்வி கேளு. எங்கயும் சேந்துராத. ஜெராக்ஸ் மட்டும் கொண்டு போ."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அழகுத்தாய் மதிக்கவில்லை. ஜெராக்ஸை நீட்டினால் எஸ்டேட் ஆபீஸில் யார் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள்? மகளுக்குத் தெரியாமல் ஒரிஜினல்களையும் பைலில் செருகி, முந்தானைக்குள் அணைத்து எடுத்து வந்திருந்தாள்.

மாடியில் இந்து எழுந்து கேட்டாள். "சேர்றதுக்கு முன்னாடியே ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டா குடுக்கலாமா சார்?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "இதுதான் கேள்வி!" என்றார் மேடைக்காரர். "எந்தக் காரணத்துக்காகவும் குடுக்காதீங்க. குடுத்துட்டா உங்க கழுத்து அவங்க கையில." கைதட்டல். இந்து வெட்கத்தோடு உட்கார்ந்தாள். அப்படி ஒரு கைதட்டல் அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

கீழே, பெங்களூர் நர்சிங் காலேஜ் ஒன்றின் மேசைக்குப் பின்னால் ஷிஜு இருந்தான். இஸ்திரி கலையாத சட்டை. கழுத்தில் அட்டை. அழகுத்தாய்க்கு நாற்காலி இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, "சேச்சி" என்றான். எஸ்டேட்டில் யாரும் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. பைலைப் புரட்டினான். புருவத்தை உயர்த்தினான். முன்னால் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் சொன்னான்.

"சேச்சி, இது நல்லொரு அவசரமா. விட்டுகளயல்லே."

அவளுடைய மலையாளம் ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. இதில் அவளுக்குப் பிடிபட்டது ஒரே சொல். அவசரம். புருஷன் நல்லமுத்து பாக்டரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று கம்பவுண்டர் சொன்னதும் அதே சொல்தான். அவள் எஸ்டேட் வண்டிக்குச் சீட்டு வாங்க ஆபீஸ் வாசலில் நின்றாள். சீட்டு கிடைத்தது. வண்டியும் வந்தது. நல்லமுத்துதான் இல்லை. அதற்குப் பிறகு, அந்தச் சொல்லைக் கேட்டால் நின்று யோசிக்கிற பழக்கத்தை அவள் விட்டுவிட்டாள்.

ஷிஜு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இந்து இறங்கி வந்தபோது அம்மா அந்தக் காலேஜ் கொடுத்த துணிப்பையைத் தூக்கிக் காட்டினாள். பையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் பல் தெரியச் சிரித்தாள்.

"ஏட்டி, எங்க போயித் தொலஞ்ச? ஒனக்கு எடம் புடிச்சிட்டேன்!"

இந்து மேசைக்கு ஓடினாள். ஷிஜு அட்டைப்பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"பைலெல்லாம் வண்டியில் போயல்லோ மோளே. இனி பெங்களூரில் வந்து ஜாயின் செய்தா மதி." பெங்களூருக்கு வந்து சேர்ந்தால் போதுமாம்.

"ஏம்மா குடுத்த?"

"அவசரம்னு சொன்னாம்லா? மேல போயி ஒன்னையத் தேடிக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?"

இந்து நிமிர்ந்தாள். ஷிஜுவின் தலைக்கு மேல் தொங்கிய பேனரில் அதே சொல், மலையாள எழுத்தில், சிவப்பாக. மலையாளத்தில் அதற்கு வாய்ப்பு என்று பொருள். நல்ல வாய்ப்பு, விட்டுவிடாதீர்கள். ஷிஜு சொன்னது அவ்வளவுதான். பொய்கூடச் சொல்லவில்லை, படுபாவி. அதை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை பிந்தவில்லை என்கிற நிம்மதி அதில் அப்பிக்கிடந்தது. இந்து வாயை மூடிக்கொண்டாள்.

சித்தூரில் சீட் கிடைத்த செய்தி போனில் வந்த நாளுக்குள், ஷிஜு பேசுவதை நிறுத்தியிருந்தான். ஒரிஜினலைத் திருப்பிக் கேட்டுக் கூப்பிட்டபோது முதலில் பணிவாக எடுத்தான். பிறகு பேச்சைப் பாதியில் துண்டித்தான். பிறகு வெறுமனே மணி அடித்தது. சூசையப்பன் சார் பெங்களூருக்கே பேசினார். "மேனேஜ்மெண்ட் முடிவு பண்ணும்" என்றது ஒரு பெண் குரல். டூப்ளிகேட் சர்டிபிகேட் வாங்க மாதக்கணக்கில் ஆகும். வேறு வழி தெரியாமல் அம்மாவும் மகளும் ஜெராக்ஸ்களோடு உடுமலைப் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் மாறி, சித்தூரில் இறங்கினார்கள். காகிதம் மடங்காமல் கொள்கிற பை வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் பெண் அழகுத்தாயின் மடியில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

காலேஜ் ஆபீஸில் இருந்த அம்மாள் ஜெராக்ஸ்களைப் புரட்டினாள். "ஒரிஜினல் இல்லாதே பற்றில்லல்லோ குட்டி." முடியாது என்று சொன்னவள், இந்துவின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினாள். "நாளெ வைகுந்நேரம் வரெ ஒரு அவசரம் கூடி தராம்." சிரித்தாள். நல்ல சிரிப்பு.

வராந்தாவுக்கு வந்ததும் அழகுத்தாய் மகளின் கையைப் பிடித்தாள்.

"அவசரம்ங்கா, சிரிக்கவும் செய்தா. அன்னைக்கு அந்தப் பயலும் இப்பிடித்தாம்ட்டி சிரிச்சான். என்ன சொன்னா?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாய்ப்புத் தர்றாங்களாம்."

"அதக் கேக்கல. அந்தச் சொல்லு?"

"அதாம்மா அந்தச் சொல்லு."

அழகுத்தாய் கையை விட்டாள். உதடுகள் இரண்டு முறை அசைந்தன, சத்தமில்லாமல்.

"அன்னைக்கே தெரியுமா ஒனக்கு?"

இந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

அழகுத்தாய் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். பையிலிருந்த ஜெராக்ஸ்களை எடுத்து மடியில் வைத்தாள். பையை உள்புறம் வெளியே வரப் புரட்டினாள். வெள்ளைக் கோட்டுப் பெண் உள்ளே போனாள். வெளியே அவளுடைய சிரிப்பின் மறுபக்கம், மை ஊறிய கறையாக, யாருடைய வாய் என்று தெரியாமல் கிடந்தது. காகிதங்களை அதற்குள் போட்டு, எழுந்து, ஒரிஜினலை வாங்கிவரப் பெங்களூருக்கு எந்தப் பஸ் என்றுகூடக் கேட்காமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.