ஆற்றுப் பக்கத்து ஜன்னல்

எங்கள் கிளென்பிரிட்ஜ் பஜாரின் இரும்புப் பாலத்துக்கு நூறு வயதாகிறது என்று ஊர் வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் உள்ளூர ஆசைதான். தேயிலைப் பெட்டிகளை ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோக வெள்ளைக்காரத் துரை பாலம் போட்டது, இராமநாதபுரத்திலிருந்து வந்த என் தாத்தா அதன் ஓரத்திலேயே தேநீர்க் கடை திறந்தது, வெள்ளம் கடைத்தெருவுக்குள் புகுந்த வருடங்கள் என்று எழுதித் தள்ளினேன்.

வில்லங்கம் ஒரு பழைய படத்தால் வந்தது. எங்கள் கடையின் ஆற்றுப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, கொட்டும் மழையில், தகரக் குவளையோடு சிலர் நிற்கிறார்கள். தாழ்ந்த சாதி என்று தாத்தா நினைத்த தேயிலைத் தோட்டத்து ஆட்களைக் கடைக்குள் விடமாட்டார். அவர்களுக்கு அந்த ஜன்னலும் தனிக் குவளையும்தான்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கும் கந்தப்பன் சேர் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மூணாவது ஆளு எங்கம்மாங்க. நல்லமுத்து. பேரப் போடுங்க. ஏன் வெளிய நிக்கிறாங்கன்னும் ஒரு வரி போட்டிருங்க. அம்மாவுக்கு அது போதும்" என்றார்.

"கட்டாயம் போடுறேன் சேர்" என்றேன்.

அச்சுக்குக் கொடுக்கும்போது மனசு வரவில்லை. அதே பக்கத்தில் மாலை போட்ட தாத்தாவின் படமும் இருந்தது. 'ஆற்றின் அழகை ரசித்தபடி தேநீர் அருந்தும் வாடிக்கையாளர்கள்' என்று படத்தின் கீழ் வரியை மாற்றிவிட்டேன். மழையில் நனைந்துகொண்டு எவன் அழகை ரசிப்பான்? எழுதிய எனக்கே தெரியும்.

வெளியீட்டு விழாவுக்குக் கந்தப்பன் தன் அம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்தார். எண்பது வயதிருக்கும், வாசிக்கத் தெரியாது. முன் வரிசையில் உட்கார்ந்து, படம் இருந்த பக்கத்தை மகனிடம் நீட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஓடிவிடலாம் போலிருந்தது.

"என்னாப்பா எழுதியிருக்கு?"

கந்தப்பன் படத்தின் கீழே பார்த்தார். பிறகு நான் மாற்றிய வரியின்மேல் விரலை வைத்து நிதானமாக வாசித்தார்: "மூன்றாவதாக நிற்பவர் நல்லமுத்து. கடைக்குள் விடாததால் வெளியே நின்று தேநீர் குடிக்கிறார்."

அந்த அம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சொந்தத் தாத்தாவப் பத்தியே மறைக்காம எழுதிட்டீங்களே மொதலாளி. நீங்க நல்லா இருக்கணும்."

கந்தப்பன் புத்தகத்தை மூடினார். என்னைப் பார்க்கவில்லை. நான் அப்படி எழுதவில்லை என்று சொல்ல அப்போதும் நேரமிருந்தது.

வெட்கக்கேடு, ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.