ஆகஸ்டில் கொஞ்சம் மந்தம்

டாக்டர் வரையச் சொன்னது ஒரு கடிகாரம், மணி பதினொன்று பத்து. என் கணவன் டுவெய்ன் வட்டத்தைச் சுத்தமாகப் போட்டான். பன்னிரண்டு எண்களையும் அதனதன் இடத்தில் எழுதினான். பிறகு ஒரு முள்ளைப் பதினொன்றுக்கும் இன்னொரு முள்ளை, இரண்டுக்குப் பதில், பத்துக்கும் இழுத்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தான். டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். தாளைக் கவிழ்த்து வைத்தாள். முதலில் சொல்லியிருந்த ஐந்து சொற்களைத் திரும்பக் கேட்டாள். இரண்டு வந்தன. மூன்றாவதாகப் படகு என்றான். அவள் படகு என்று சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒஹாயோ ஆற்றில் நிலக்கரி ஏற்றிய நீளப் படகு ஒன்று, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். பாலம் தாண்டியதும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"வேணும்னேதான் தப்பாப் போட்டேன்."

"எதை?"

"முள்ளு, வார்த்தை, எல்லாத்தையும். அடுத்த வருஷம் மறுபடி வரச் சொல்லுவா. இன்னிக்குப் போட்டதோடதான் ஒப்பிட்டுப் பாப்பா. இன்னிக்கே நல்லாப் போட்டு வெச்சா அப்புறம் எறங்குறது பளிச்சுன்னு தெரியும்ல?"

"அதெல்லாம் உன் பசங்களுக்கு, டுவெய்ன். உனக்கு அம்பத்தாறு வயசு."

"பொறாமை உனக்கு. நீ ஸ்கூல்ல எல்லாப் பரீட்சையும் நெஜமாவே கோட்டை விட்டவ."

சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் எனக்குத் தெரியவில்லை.

இருபத்திரண்டு வருடமாக அவன் எங்கள் ஊர்ப் பள்ளி ஃபுட்பால் அணியின் துணைப் பயிற்சியாளன். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடிவருபவனை மோதி வீழ்த்தக் கற்றுக்கொடுப்பது அவன் வேலை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆட்டங்கள் தொடங்குமுன் பையன்கள் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து ஒரு சோதனை எழுதுவார்கள். சொற்கள், வடிவங்கள், நிறங்கள். அக்டோபரில் எவனாவது தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி எழுத வேண்டும். ஆகஸ்டில் வாங்கியதைவிட மதிப்பெண் குறைந்தால் களத்துக்கு வெளியே உட்கார வேண்டியதுதான். அதனால் டுவெய்ன் ஒரு வழி சொல்லிவைத்திருந்தான். ஆகஸ்டில் கொஞ்சம் மந்தமாக இருங்கள். பையன்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இரவுச் சாப்பாட்டின்போது அவன் இதைச் சொல்லி நான் சிரித்த நாட்கள் உண்டு.

ஜூலையில் ஒரு நாள் பால் வாங்கப் போனவன், மூடிக்கிடக்கும் இரும்பு ஆலையின் கேட் முன்னால் காரை நிறுத்தி உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு, நிழலாக இருந்தது என்றான். நிழலாகத்தான் இருந்தது. தங்கை மகளை அவளுடைய அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அம்மா ஜாடைதான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். காரணங்கள் நன்றாகவே இருந்தன.

கல்யாணமான புதிதில் ஒருமுறை, கல்லூரி அணியில் ஆடிய நாட்களைப் பற்றிச் சொன்னான். தலையும் தலையும் மோதும்போது ஒரு வெள்ளை வருமாம். பனி மூடிய வயல் மாதிரி. சத்தமே இருக்காதாம். எண்பதாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்க, அவன் மட்டும் அந்த வயலில் கொஞ்ச நேரம் தனியாக நிற்பானாம். பிடித்த ஊரைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னான். என்னையும் ஒரு நாள் அங்கே கூட்டிப்போவான் என்று எனக்கே தோன்றியது. இப்போது சில மத்தியானங்களில் அவன் சமையலறை வாசலில் நிற்கும்போது, அவன் கால்களைச் சுற்றிப் பனி கிடப்பது போல இருக்கிறது. கூப்பிட்டால் வருகிறான். வருவதற்குச் சற்று நேரம் ஆகிறது.

புதன்கிழமை மாலை பெட்ரிக் வந்தார். தலைமைப் பயிற்சியாளர். வாசல் படியில் உட்கார்ந்து பீர் திறந்தார். மறுநாள் பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டம். இனிமேல் பயிற்சியில் ஆளோடு ஆள் மோதக் கூடாது, மெத்தைப் பொம்மைகளைத்தான் மோத வேண்டும், நிஜ மோதல் ஆட்ட நாளில் மட்டும் என்று ஒரு தீர்மானம். டுவெய்ன் எழுந்து எதிர்த்துப் பேச வேண்டும். பெட்ரிக் அவனை எங்கள் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"நீ நின்னாலே போதும், சலாய். உன் கழுத்தப் பாத்தாலே பாதிப் பேரு வாய மூடிப்பாங்க. இப்பப் பொம்மைம்பாங்க, அடுத்த வருஷம் பசங்களுக்கு முன்னாலயும் பின்னாலயும் தலகாணி கட்டி விடணும்பாங்க. பாண்ட் வாசிக்கற பொண்ணுங்க இவனுங்கள விட ஜாஸ்தி அடிபடுதுங்க."

"ட்ரம் வாசிக்கறவ பொல்லாதவ," என்றான் டுவெய்ன்.

பெட்ரிக் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "நான் வெளையாட்டுக்குச் சொல்லல. திங்கக்கிழம மோதிப் பழகாதவன் வெள்ளிக்கிழம ஆட்டத்துல தலையக் குனிஞ்சுட்டு உள்ள போவான். கழுத்து போயிடும். நான் பாத்திருக்கேன்."

அதுவும் உண்மைதான். டாக்டரிடம் போனதை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். டுவெய்னால் பேச முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றிருக்கலாம். சொல்லவில்லை. பேசட்டும் என்று நினைத்தேன். அவன் தவறாகப் போட விரும்பாத பரீட்சை அது ஒன்றுதான். முட்களை வேண்டுமென்றே மாற்றி வரைந்தவனா, வரையத் தெரியாமல் போனவனா என்று அங்கே தெரிந்துவிடும்.

கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில். அங்கேதான் நான் சமையல் வேலை பார்க்கிறேன். எந்த மேசை ஆடும், எந்த விளக்கு முனகும் என்று எனக்குத் தெரியும். மேற்கு ஜன்னல்கள் வழியாக மாலை வெயில் மஞ்சளாக வந்து தரையில் படுத்திருந்தது. எல்லோர் முகமும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல அசைந்தது. கடைசி வரிசையில் ரோன்டா மாட்யாஸ் இருந்தாள். அவள் மகன் கோடி நான்கு வருடம் டுவெய்னிடம் ஆடியவன். தலையில் அடிபட்டதிலிருந்து வீட்டின் கீழறையில், திரை போட்ட ஜன்னலுக்குப் பின்னால், பகலிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கிறான். வெளிச்சம் அவனுக்கு வலிக்கிறது.

டுவெய்ன் எழுந்தான். நன்றாகத்தான் தொடங்கினான். மோதத் தெரியாதவனுக்குத்தான் அடி அதிகம் என்றான். தோளை எங்கே வைக்க வேண்டும், கண் எங்கே இருக்க வேண்டும் என்று நாற்காலி ஒன்றை வைத்துக் காட்டினான். பின்னால் யாரோ கைதட்டினார்கள். பெட்ரிக் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் தோள்கள் இறங்கின.

பிறகு நிறுத்தினான். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான். முனகும் விளக்கு முனகியது. ஐந்து நொடி இருக்கும். ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம்.

"அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் சோதனை," என்றான். குரல் மாறியிருந்தது. மென்மையாக, ரகசியம் சொல்வது போல. "பதறாதீங்க. நல்லாப் போடணும்னு நெனைக்காதீங்க. மூணு வார்த்த தெரிஞ்சா ரெண்ட எழுதுங்க. நிறம் மாறினதும் உடனே பட்டனத் தட்டாதீங்க, மூச்சு ஒண்ணு விட்டுட்டுத் தட்டுங்க. ரொம்ப மோசமாவும் போடக் கூடாது, மெஷின் கண்டுபுடிச்சிடும். தூங்கி எழுந்தவன் மாதிரி இருந்தாப் போதும். அக்டோபர்ல மண்டைக்குள்ள மணி அடிக்கும்போது எனக்கு நன்றி சொல்லுவீங்க."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். பெட்ரிக் தரையைப் பார்த்தார். டுவெய்ன் ஒவ்வொரு முகமாகப் பொறுமையாகப் பார்த்தான்.

"கேள்வி ஏதாவது?"

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான். இருபத்திரண்டு வருடத்தை ஊர் முன்னால் இறக்கிவைத்தவனின் முகமாகவும் அது இருந்தது. பள்ளி முடிந்து பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தவனின் முகமாகவும் இருந்தது. நான் அவன் கையைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ரோன்டா நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். வெயிலுக்குள் நுழைந்தாள், வெளியே வந்தாள், மறுபடி நுழைந்தாள். எங்கள் வரிசைக்கு முன்னால் நின்றாள். கோபமாக இல்லை. வழி கேட்பவள் போல இருந்தாள்.

"எங்க கோடிக்கும் இதையேதான் சொல்லிக்குடுத்தீங்களா, கோச்?"

டுவெய்ன் அவளை நிமிர்ந்து பார்த்தான். மரியாதையாகப் புன்னகைத்தான். கூடம் முழுக்க அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் என் பக்கம் சாய்ந்தான். அவன் மூச்சு என் காதில் பட்டது.

"ஞாபகம் இருக்குன்னு சொல்லட்டுமா, கார்லீன், இல்லைன்னு சொல்லட்டுமா?"